மூன்றாம் தொட்டியில் ஒரு கோடு

எங்கள் ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் மறுபடி. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லித் தேடி வந்த கூரியர்காரரை, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று காவலாளி ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டார். பார்சலில் இருந்தது மறுபடியின் புதுக் கண்ணாடி. அது சுற்றி வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவர் எதையும் இரண்டு தடவைக்குப் பதில் மூன்று தடவை பார்த்தார்.

பெயர் ஒட்டிக்கொண்டது இதற்கு முன் இருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில். சர்க்கரை அதிகம் என்றதும் சண்டைக்கு வருகிறவர்களோடு மற்றவர்கள் மல்லுக்கு நிற்பார்கள். இவர், "அப்படியா? சரி, மறுபடி பாத்துடலாம்" என்று விரலை நீட்டச் சொல்வார். ஒருத்தர் நாலு தடவை குத்திக்கொண்டார். நாலிலும் கிட்டத்தட்ட ஒரே எண். "விடும்மா, சர்க்கரையேதான்" என்று எழுந்து போய்விட்டாராம். இன்னொரு தடவை பார்க்கச் சொல்வதை ஒரு வசவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர் அங்கே முடிவு செய்துகொண்டது. பதினோரு வருடமாக இங்கேயும் அதே முடிவுதான்.

இங்கே என்றால் இறால் குஞ்சு பொரிப்பகம். எட்டுத் தொட்டிகள், ஒரு அலுவலகம், ஒரு அறை ஆய்வகம். நான் அந்த ஆய்வகத்தின் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவன். பட்டம் வாங்கியவர்தான் போட வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டில் அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் சேர்த்து முதல் பட்டம் என்னுடையது. ஊரில் அப்பா, "என் மகன் இறாலுக்கு டாக்டர்" என்று சொல்லி வைத்திருக்கிறார். நான் திருத்தவில்லை. பாதி சரிதானே.

மறுபடியின் வீட்டுக்காரரும் இங்கேதான் வேலை. மூன்றாம் தொட்டியைப் பார்க்கிறவர். அவருக்குப் பட்டப்பெயர் தாராளம். வீட்டில் சமையலும் பரிமாறலும் அவர்தான். ஒரு கரண்டி கேட்டால் மூன்று கரண்டி விழும். போதும் என்று கையை நீட்டினால் கை மேலே விழும். மறுபடியின் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது மூடியோடு சோறும் எழுந்து வரும். "நான் ஒரு ஆள்தாங்க" என்று பதினோரு வருடமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, இப்போது பாதியை என் தட்டில் தள்ளிவிடுகிறார். நான் இந்த வேலையில் சேர்ந்தபின் எடை கூடியதற்குக் காரணம் இதுதான்.

ஆய்வக வாசலைத் தாண்டிவிட்டால் மறுபடிக்கு அவர் கணவர் இல்லை. "மூணாம் தொட்டிக்காரர் வந்தாரா?" என்றுதான் கேட்பார். அவரும் வாசலில் நின்று, "மேடம், சாம்பிள்" என்று குப்பியை நீட்டுவார். ஐந்து நிமிடம் முன்னால் ஒரே வண்டியில் வந்து இறங்கியவர்கள்.

போன வருடம் தாராளத்துக்கு நேரம் சரியில்லை. ஒரு தடவை தொட்டிக் குஞ்சு முழுவதும், காற்று மோட்டார் நின்றுபோனதில் போயிற்று. இன்னொரு தடவை உப்பு கூடிவிட்டது. இரண்டாவது தடவை கொட்டிய அன்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இனி ஒண்ணு போச்சுன்னா வேற எடம் பாத்துக்கங்க. நானே அனுப்பிடுவேன்." அவர் சொன்னதைச் செய்கிற ஆள். முந்தைய ஐந்தாம் தொட்டிக்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

இனி வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தொட்டியில் எட்டு லட்சம் குஞ்சு. ஒவ்வொன்றும் ஒரு இமை மயிர் அளவு, அதில் இரண்டு கண். விற்கும் முன் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் குளோரினை ஊற்றித் தொட்டியோடு அழித்துவிட வேண்டும். வைரஸைக் கண்ணால் பார்க்க முடியாது. அதன் டி.என்.ஏ.வில் முந்நூறு எழுத்து நீளமுள்ள ஒரு துண்டை மட்டும் மெஷினில் கோடிக்கணக்கில் நகலெடுத்து, ஜெல் என்கிற கூழ்ப் பலகையில் ஓடவிட்டால் ஒரு கோடாகத் தெரியும். துண்டு நீளமானால் கோடு மேலேயே நின்றுவிடும்; எவ்வளவு நீளம் என்று பக்கத்தில் ஓடும் அளவுக் கோடு சொல்லும். எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று சொல்வதற்குப் பிரைமர் என்று இரண்டு குட்டித் துண்டுகள். தங்களுக்குப் பொருந்தும் எழுத்துகளைத் தேடிப் போய் அவை ஒட்டிக்கொள்ளும். நகல் அங்கிருந்து ஆரம்பமாகும். வைரஸ் இல்லாவிட்டால் ஒட்ட இடம் இல்லை, கோடும் இல்லை.

பாடப் புத்தகத்தில் அப்படி. எங்கள் ஆய்வக வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவோம். சாப்பாட்டு நேரத்தில் அவசரமாக வெளியே வருகிறவனுக்கு, ஏறக்குறைய தன்னுடையது மாதிரி இருக்கிற எந்தச் செருப்பிலும் கால் நுழைந்துவிடும். பிரைமரும் அப்படித்தான். நல்ல சூட்டில் சரியான இடத்தில் மட்டும் நிற்கும். சூடு குறைந்தால் ஏறக்குறைய ஒத்துப்போகிற இடத்திலும் உட்கார்ந்துவிடும். இறாலின் சொந்த டி.என்.ஏ.விலேயே அப்படிப்பட்ட இடங்கள் உண்டு. அங்கே உட்கார்ந்து ஒரு தடவை நகல் எடுத்துவிட்டால், அந்த நகலின் முனையில் பிரைமரின் எழுத்துகளே வந்துவிடும். அடுத்த சுற்றிலிருந்து தப்பான இடமும் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். அதன் பிறகு எவ்வளவு சூடு வைத்தாலும் கழலாது.

அதனால் எங்களிடம் ஒரு வழக்கம். எல்லாவற்றையும் ஐஸ் மேல் வைத்துக் கலந்து, ஏற்கெனவே சூடாகிக் காத்திருக்கும் மெஷினுக்குள் நேராக வைப்போம். ஐஸில், நகலெடுக்கிற என்சைம் தூங்கும். பிரைமர் எங்கே உட்கார்ந்தாலும் நகலெடுக்க ஆள் இருக்காது.

அன்று காலை ஐஸ் இல்லை.

குஞ்சு வாங்க வெளியூர் ஆட்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள். வெயில் எட்டு மணிக்கே ஆரம்பித்துவிட்டது. அலுவலகத்தில் குளிர்பானம் சூடாக இருக்கிறது என்று ஆய்வக ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மறுபடி உள்ளே வந்து சின்னச் சோதனைக் குழாய்களை வரிசையாக வைத்து எல்லாவற்றையும் கலந்துவிட்டுத்தான் கையை நீட்டினார். ஐஸ் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஈர வட்டம் மட்டும் இருந்தது. அலுவலகத்துக்குப் போன் செய்தார். "இதோ வந்துடும்" என்றார்கள். "இதோ" என்பது இருபத்தைந்து நிமிடம். பெட்டி வந்தபோது உள்ளே தண்ணீரும், மிதந்துகொண்டு ஒரு பாட்டில் மூடியும் இருந்தன. மறுபடி மூடியை எடுத்துத் துடைத்து மேசை ஓரத்தில் வைத்தார். குழாய்களை மெஷினில் வைத்தார். எட்டுத் தொட்டிக்கும் திரும்பக் குப்பி வாங்க நேரமில்லை, வெளியூர்க்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

பதினொரு மணிக்கு ஜெல்லைப் பார்த்தோம். ஏழு தொட்டிகள் சுத்தம். மூன்றாவதில் பளிச்சென்று ஒரு கோடு.

ஜெல் சில நாள் சிரிக்கும். அதாவது நடுவில் வேகமாகவும் ஓரத்தில் மெதுவாகவும் ஓடி, கோடுகள் வாய் மாதிரி வளைந்துவிடும். மூன்றாம் தொட்டியின் கோடு கொஞ்சம் மேலே நின்றது. ஓரத்துப் பக்கம், அதனால் சிரிப்பு என்று நினைத்தேன். 'வைரஸ் உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் காகிதத்தை வாங்கிப் படித்து, கடிகாரத்தைப் பார்த்து, "நாலு மணிக்குக் குளோரின்" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுபடி மேசையை விட்டு நகரவில்லை. ஜெல் படத்தின் மேல் பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்துக்கொண்டிருந்தார்.

"இது முந்நூறு இல்ல" என்றார்.

"ஓரம்க்கா. சிரிச்சிருக்கு."

"ரெண்டாம் தொட்டி ஊத்துன குழி இன்னும் ஓரம்தானே. அதுல கூட ஓடுற சாயம் நேராத்தான் ஓடியிருக்கு. அளவுக் கோட்டோட பாருங்க. முந்நூத்தி அறுபது."

பார்த்தேன். முந்நூற்று அறுபதுதான். நாலு வருடம் படித்து, தங்க எழுத்தில் பெயர் போட்ட காகிதம் வாங்கியவன், ஒரு ஸ்கேல் வைக்கச் சோம்பல்பட்டிருக்கிறேன். கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் மேனேஜர் கையில் இருக்கிறது.

இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே தாராளம் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். குளோரின் டிரம்மை உருட்டித் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கையில் வாசனையோடு வந்திருந்தார். அந்த வேலையையும் அவரிடமே கொடுத்திருந்தார்கள்.

"சார், அந்தக் கோடு வைரஸ் இல்ல" என்றார் மறுபடி. "பிரைமர் தப்பான எடத்துல ஒட்டியிருக்கு. மறுபடி ஓட்டணும்."

மேனேஜர் நிமிர்ந்தார். "வீட்டுக்காரர் தொட்டின்னா மட்டும் மறுபடியா?"

"எல்லாத் தொட்டிக்கும்தான் சார். பேரே அதான்."

"இவங்க சார், எனக்கே பாதகமா எழுத விட்டுட்டு இப்ப வந்து..." என்று தாராளம் ஆரம்பித்தார். "வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"ஜெல்லு வீட்டுலயா இருக்கு?" என்றார் மறுபடி, அவர் பக்கம் திரும்பாமல்.

மேனேஜர் பேனாவை மூடினார். "சரி. நீங்க ஓட்டுவீங்க, சுத்தம்னு சொல்லுவீங்க. நான் நம்பணும். வாங்குறவங்க நம்பணும். நாளைக்கு அவங்க குளம் செத்துச்சுன்னா? இன்னொண்ணு. கோடு வரலைன்னா வைரஸ் இல்லைன்னு அர்த்தமா, இல்ல மெஷின் காட்டலைன்னு அர்த்தமா?"

கேள்வி நியாயமானது. நான் பதில் யோசிக்கும் முன் மறுபடி சொல்லிவிட்டார்: "நான் நம்பச் சொல்லல சார். எது எந்தக் குழாய்னு எனக்கே தெரியாம ஓட்டுறேன். உங்க ரெண்டாவது கேள்விக்கு ஒரு குழாய் தனியா வெக்கிறேன்."

"யாரு குறி போடுவாங்க?"

மறுபடி ஜன்னல் வழியே பார்த்தார். வாசலில் காவலாளி நாற்காலியில் உட்கார்ந்து, வந்து நின்ற வண்டிக்கு நேரம் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நோட்டில் அடித்தல் திருத்தலே கிடையாது. கண்ணாடியையே திருப்பி அனுப்பிய மனிதர். யாருக்காகவும் எதையும் மாற்றி எழுதமாட்டார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

மேனேஜரும் காவலாளியும் தொட்டிக்குப் போனார்கள். நாங்கள் பின்னால். காவலாளி தாராளத்தைப் பார்த்து, "தினமும் எப்படி எடுப்பீங்களோ அப்படியே எடுங்க" என்றார். தாராளம் வலையை முக்கினார். விதிப்படி சின்னக் கரண்டியால் தலை தட்டி ஒரு கரண்டி, நூற்றைம்பது குஞ்சு இருக்கும். தாராளம் கரண்டியை முக்கி, குவித்து, திரும்ப முக்கி, இன்னொரு தடவையும் முக்கி, குப்பியைக் கழுத்துவரை நிரப்பி மூடினார்.

"இதா ஒரு கரண்டி?" என்றார் மறுபடி.

"எப்பவும் இவ்வளவுதானே குடுக்குறேன். என் தொட்டி குஞ்சு, கொஞ்சமா குடுத்தா நல்லாவா இருக்கும்?"

மறுபடி குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தக் குப்பியைப் பதினோரு வருடமாக வாங்கி, அப்படியே அரைத்து வந்தவர் அவர். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. டி.என்.ஏ. மூன்று மடங்கு என்றால் ஏறக்குறையப் பொருந்துகிற செருப்புகளும் மூன்று மடங்கு. ஐஸ் இருந்த நாளெல்லாம் அது தூங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் இல்லாத ஒரே நாள் விழித்துக்கொண்டது. மற்ற ஏழு பேர் கரண்டியைத் தலை தட்டிக் கொடுக்கிறவர்கள்.

"தலை தட்டி இன்னொரு குப்பி குடுங்க" என்றார் மறுபடி.

அவர் கொடுத்தார். ஏதோ யாருக்கோ பாதி வயிற்றுக்குப் பரிமாறுகிற முகத்தோடு.

ஐந்து குழாய். தட்டின கரண்டி, ஐஸில். தட்டின கரண்டி, மேசையில் இருபத்தைந்து நிமிடம். குவித்த கரண்டி, ஐஸில். குவித்த கரண்டி, மேசையில் இருபத்தைந்து நிமிடம். ஐந்தாவதில் தட்டின கரண்டியோடு, செத்த வைரஸின் டி.என்.ஏ. துளி ஒன்றை நானே போட்டு ஐஸில் வைத்தேன். அதில் கோடு வராவிட்டால் மெஷினே பொய் என்று அர்த்தம். ஐஸ் வெளியிலிருந்து வாங்கி வரப்பட்டது. மேனேஜரே போய் வாங்கி வந்தார்.

பிறகு மறுபடியையும் என்னையும் வெளியே போகச் சொல்லிவிட்டுக் காவலாளி குறி போட்டார். குழாயின் மூடி உளுந்து அளவு இருக்கும். எண் போட்டால் எல்லோரும் ஊகித்துவிடுவார்கள் என்று படம் வரைந்திருந்தார். சாவி, குடை, சைக்கிள், நாற்காலி, கோழி. கோழிக்குக் கொண்டைகூட இருந்தது. எது எதுவென்று வாசல் நோட்டில், 'உள்ளே வருபவர்' என்ற பத்தியின் கீழ் எழுதி, நோட்டை நாற்காலியில் வைத்தார். பிறகு அதன் மேல் அவர் உட்கார்ந்தார்.

மெஷின் ஓட இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்தில் யாரும் எதுவும் செய்ய முடியாது. மறுபடி மேசையைத் துடைத்தார். துடைத்த மேசையைத் துடைத்தார். தாராளம் வாசலுக்கு வந்து, "மேடம், சாப்பாடு" என்று டப்பாவை நீட்டினார். மறுபடி திறந்தார். மூடியோடு சோறு எழுந்தது. மறுபடி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவைத்தார். பாதியை என் தட்டில் தள்ளவில்லை. நானும் கேட்கவில்லை.

"கோடு வந்துட்டா என்ன பண்ணுவே?" என்று தாராளம் மெதுவாகக் கேட்டார். அப்போது 'மேடம்' என்ற அழைப்பு இல்லை.

"எழுதுவேன்."

"அது தெரியும். அப்புறம்?"

"அப்புறம் எங்க வேலை கிடைக்குதோ அங்க போவோம். உங்களுக்குக் கிடைக்கிற ஊர்ல எனக்குக் கிடைக்காதா?"

தாராளம் தலையாட்டிவிட்டுக் குளோரின் டிரம்முக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். எட்டு லட்சத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறவர் மாதிரி தொட்டிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று ஐம்பதுக்கு ஜெல்லை வெளிச்சத்தில் வைத்தோம். இந்தத் தடவை ஸ்கேலை நானே எடுத்துவந்தேன். மறுபடி படித்தார், நான் எழுதினேன், மேனேஜர் என் தோள் மேல் எட்டிப் பார்த்தார்.

"சாவி, ஒண்ணுமில்ல. குடை, முந்நூறுல கோடு. சைக்கிள், ஒண்ணுமில்ல. நாற்காலி, ஒண்ணுமில்ல." ஸ்கேலைத் தள்ளி வைத்தார். "கோழி, முந்நூத்தி அறுபது."

காவலாளி எழுந்து நோட்டை எடுத்தார். கண்ணாடியை மூக்கில் சரி செய்து, பக்கத்தைத் தேடி, விரலை வைத்து, வண்டி எண் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

"குடை. வைரஸ் சேர்த்தது, ஐஸ்."

மேனேஜர் மூச்சு விட்டார். மெஷின் பொய் சொல்லவில்லை.

"சாவி. தட்டினது, ஐஸ். சைக்கிள். தட்டினது, மேசை. நாற்காலி. குவிச்சது, ஐஸ்." பக்கத்தைத் திருப்பினார். கோழிக்கு மட்டும் அடுத்த பக்கம் போயிருந்தது. "கோழி. குவிச்சது, மேசை."

அவ்வளவுதான். ஐஸும் இல்லாமல், கரண்டியும் தட்டாமல் இருந்தால் மட்டும் அந்தக் கோடு. தொட்டியில் வைரஸ் இல்லை. மேனேஜர் ஜன்னலைத் திறந்து, "டிரம்ம எடுத்து வெச்சுடுங்க" என்றார். தாராளம் அதை உருட்டிக்கொண்டு போன வேகத்தைப் பார்த்திருந்தால், காலி டிரம் என்று நினைத்திருப்பீர்கள்.

ரிப்போர்ட்டைத் திருத்த உட்கார்ந்தேன். காரணம் என்று ஒரு பத்தி இருக்கிறது.

"ஐஸ் பத்தி எழுதணுமா?" என்று மேனேஜர் கேட்டார். மேசை ஓரத்தில் பாட்டில் மூடி இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

"எழுதணும் சார்" என்றார் மறுபடி. "ஐஸ் வரலைன்னு தெரிஞ்சும் இருபத்தஞ்சு நிமிஷம் வெச்சிருந்து ஓட்டினது நான். அதையும் எழுதணும். குப்பியை அளக்காம வாங்கினதும் நான்தான். மூணாம் தொட்டிக்காரர் அளவு மீறினதைத் தனியா எழுதுங்க."

நான்கையும் டைப் அடித்தேன். மறுபடி என் பக்கத்திலேயே நின்றுகொண்டு திரையைப் பார்த்தார். நான் ஐந்தாவதாக, 'அளவுக் கோட்டுடன் ஒப்பிடாமல் முதல் அறிக்கையில் கையெழுத்திட்டது' என்று சேர்த்து, என் பெயரையும் அதற்குக் கீழே பட்டத்தையும் அடித்தேன். அப்புறம்தான் அவர் கையைக் கழுவப் போனார்.

அந்த வாரம் ஐஸ் பெட்டிக்குப் பூட்டு வந்தது. சாவி மறுபடியிடம். மூன்றாம் தொட்டியில் ஒரு சின்னக் கரண்டி நைலான் கயிற்றில் கட்டித் தொங்குகிறது. கூடவே தலை தட்ட ஒரு தட்டைக் குச்சி. மற்ற தொட்டிகளில் கயிறு கிடையாது.

கயிறு கட்டிய மறுநாள் மதியம் மறுபடி சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். மூடி தனியாக வந்தது. உள்ளே சோறு, விளிம்புக்கு ஒரு விரல் கீழே, மேலே ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி மட்டமாக இருந்தது. மறுபடி அதைப் பார்த்தார். வாசலில் நின்றவரைப் பார்த்தார்.

"சரியா இருக்கா மேடம்?" என்றார் தாராளம்.

"மறுபடி கொஞ்சம் போடுங்க" என்றார் அவர்.